தாத்தா எரித்த நிலக்கரிக்குப் பேரன் ஏன் பணம் கட்ட வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 1850-ல் மான்செஸ்டரில் நிலக்கரி எரித்த ஆலை முதலாளிக்கு அது உலகத்தையே சூடாக்கும் என்று தெரியாது, அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்று அந்த ஊரில் இருப்பவர் அப்போது பிறக்கவே இல்லை. அப்படியிருக்கப் பழைய புகைக்கு இன்றைய பணக்கார நாடுகள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம், அதுவும் சீனாவும் நாமும் இவ்வளவு எரித்துக்கொண்டிருக்கும்போது, இது வெறும் அரசியல் பேரம்தானே, என்கிறீர்கள். வரலாற்றைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் இதன் அடியில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: தெரிந்து எந்தத் தப்பும் செய்யாத ஒருவர் மேலும் பொறுப்பு விழுமா? விழும் என்பதுதான் என் பதில். எவ்வளவு விழும், எங்கே நிற்கும் என்பதில்தான் சிக்கல், அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நான் சுற்றுச்சூழல் சட்டம் படித்தவன், பல வருடமாக அதைக் கற்பிக்கிறவன். வளிமண்டல அறிவியல் என் துறை இல்லை, அதனால் அந்தப் பக்கத்தில் சர்ச்சைக்கே இடமில்லாததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலில், பழைய புகை பழையதாகிவிடவில்லை. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன, மீதி காற்றிலேயே நிற்கிறது, அதில் ஒரு பகுதி ஆயிரம் வருடம் கழித்தும் இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி எவ்வளவு சூடாகிறது என்பது இந்த வருடம் எவ்வளவு எரித்தோம் என்பதைவிட, ஆரம்பத்திலிருந்து இன்றுவரை மொத்தம் எவ்வளவு எரித்தோம் என்பதைப் பொறுத்தது. (மீத்தேன் கதை வேறு, அது சராசரியாகப் பன்னிரண்டு வருடத்தில் சிதைந்துவிடும், நெல்வயலையும் மாட்டையும் காட்டி நம்மைக் குற்றம் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.) ஆகவே அந்த ஆலை முதலாளி செத்துப்போனாலும் அவர் விட்ட புகையில் ஒரு பங்கு இன்றைய வெயிலில் இருக்கிறது. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

கணக்கும் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் இவற்றிலிருந்து மனிதர்கள் இதுவரை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.8 லட்சம் கோடி டன். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் சேர்ந்து 17 சதவீதம் அளவுக்கு, சீனா 15 சதவீதம் அளவுக்கு, பிரிட்டன் 4 சதவீதத்துக்குச் சற்று மேல், இந்தியா 3 முதல் 4 சதவீதத்துக்குள். உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

இனி உங்கள் முதல் வாதம், தெரியாமல் செய்தது. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். 1859-ல் ஜான் டிண்டால் சில வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்று சோதனை செய்து காட்டினார், 1896-ல் சுவீடனில் ஸ்வாண்டே அர்ரீனியஸ் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆனால் அதைக் கணக்குப் போட்டவரே அது நடக்க வெகுகாலம் ஆகும், குளிர் நாடுகளுக்கு நல்லதுகூட என்று நினைத்தார். 1938-ல் கய் காலண்டர் பூமி ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது என்று காட்டியபோதும் அதை ஆபத்தாகப் பார்க்கவில்லை. விஞ்ஞானியே அப்படி இருக்கும்போது ஆலை முதலாளியைக் குறை சொல்வது அநியாயம். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவில் காற்றை அளக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறுகிறது. 1965-ல் அமெரிக்க அதிபர் ஜான்சனின் அறிவியல் ஆலோசனைக் குழுவே எழுத்தில் எச்சரித்துவிட்டது, 1988-ல் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னார், அதே வருடம் ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அமைந்தது, 1990-ல் அதன் முதல் அறிக்கை வந்தது, 1992-ல் ரியோவில் உலக நாடுகள் காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்தே போட்டுவிட்டன. அதற்குப் பிறகு 'தெரியாது' என்பது எடுபடாது.

சரி, உங்களுக்குச் சாதகமாகவே 1990 என்று கோடு போடுவோம். அதற்கு முந்தைய புகைக்கு யார் மேலும் பழி இல்லை. எவ்வளவு கழியும் என்று நினைக்கிறீர்கள்? பாதிகூடக் கழியாது. மனித வரலாற்றில் எரித்த மொத்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுப் புகையில் பாதிக்கு மேல் 1990-க்குப் பிறகு வந்ததுதான். இதைச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை, திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். 'வரலாற்றுப் புகை' என்றதும் நம் மனதில் நீராவி ரயிலும் விக்டோரியா மகாராணியும் வந்துவிடுகிறார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி உங்களுக்கும் எனக்கும் நினைவு தெரிந்த காலத்தில் நடந்தது.

நாடு வாரியாகப் பிரித்தால் இன்னும் சுவாரசியம். பிரிட்டனின் மொத்தப் புகையில் 1990-க்குப் பிறகு வந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 1850-ல் உலகப் புகையில் பாதிக்கு மேல் அவர்களுடையதாக இருந்தது, 2024 செப்டம்பர் 30-ல் தங்கள் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடிவிட்டார்கள். ஆகவே 'எங்களுக்குத் தெரியாது' என்ற வாதம் பிரிட்டனுக்கு ஓரளவு பொருந்தும். அமெரிக்காவுக்கு அப்படி இல்லை, அவர்கள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 1990-க்குப் பிந்தையது. ரியோவில் கையெழுத்துப் போட்ட பிறகு குறையும் என்று பார்த்தால் 2000-களின் நடுவில்தான் அவர்கள் புகை உச்சத்துக்கே போனது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், இந்தக் கோடு நமக்கும் பாதகம். இந்தியாவின் புகையில் ஐந்தில் நாலு பங்கு 1990-க்குப் பிறகு வந்தது, சீனாவுடையதில் அதைவிடவும் கூட. 1990-லிருந்து மட்டும் எண்ணினால் சீனாதான் முதலிடம், அமெரிக்கா இரண்டாமிடம். 'வரலாற்றுப் பொறுப்பு' என்று பேசும்போது நம் பேச்சாளர்கள் 1850-லிருந்து மட்டும் எண்ண விரும்புவதும், மேற்கத்தியப் பேச்சாளர்கள் இந்த வருடத்தை மட்டும் காட்ட விரும்புவதும் தற்செயல் இல்லை.

நாடுகளை விட்டு நிறுவனங்களுக்கு வந்தால் தெரியாமை வாதம் இன்னும் மெலிந்துபோகிறது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலிருந்தே தங்கள் மேலாளர்களுக்கு இதை விளக்கியிருக்கிறார்கள், அவர்கள் உள்ளே போட்ட வெப்பநிலைக் கணிப்புகள் பிற்பாடு நடந்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போனதை 2023-ல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வெளியே அதே நிறுவனம் பல வருடம் 'இன்னும் நிச்சயமில்லை' என்றே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான். இது தெரிந்தே மறைத்தது, அதனால் இதைச் சாதாரணப் பழியாகவே எடுத்துக்கொள்ளலாம், தத்துவம் எதுவும் தேவையில்லை.

அடுத்து, செத்தவர் செய்ததற்கு இருப்பவர் ஏன் பொறுப்பு? நம் ஊரில் அப்பா கடன் வைத்துவிட்டுப் போனால் பிள்ளையின் சம்பளத்தில் கைவைக்க முடியாது, ஆனால் அப்பா விட்டுப்போன நிலத்தையும் வீட்டையும் பிள்ளை எடுத்துக்கொண்டால் அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் கடனும் கூடவே வரும். பிள்ளை கெட்டவன் என்று யாரும் சொல்வதில்லை. சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்றால் மட்டும் ஊர் கேட்கும். இன்றைய பிரிட்டனின், ஜெர்மனியின், அமெரிக்காவின் சாலைகள், துறைமுகங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகளில் இருக்கும் மூலதனம் எல்லாவற்றிலும் அந்த மலிவான நிலக்கரியின் பங்கு இருக்கிறது. அப்புறம், தனிமனிதர்கள் சாகிறார்கள், அரசுகள் சாவதில்லை. 1833-ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது அடிமைகளுக்கு ஒரு காசும் கொடுக்காமல் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அதற்கு வாங்கிய கடனை பிரிட்டன் மக்களின் வரிப்பணத்திலிருந்து அடைத்து முடித்தது 2015-ல். நாங்கள் பிறக்காத காலத்துக் கடன் என்று அந்நாட்டுக் கருவூலம் அதைக் கட்ட மறுக்கவில்லை.

சட்டத்தில் இது புதிதும் இல்லை. 1980-ல் அமெரிக்கா கொண்டுவந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், முன்பு நச்சுக் கழிவைப் புதைத்த நிறுவனம், புதைத்த காலத்தில் அது சட்டப்படி சரியாகவே இருந்தாலும், இன்று சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கிறது. தப்பு செய்தாயா என்ற கேள்வியே அங்கே வராது, உன் கழிவா என்றுதான் கேட்பார்கள். அதே நாட்டின் பிரதிநிதிகள் காலநிலை மாநாடுகளில் 'பின்தேதியிட்ட பொறுப்பு அநியாயம்' என்று வாதாடுவதை எப்படி ஏற்பது? நம் பக்கத்திலும் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு வழியாகத்தான் 'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியானது. அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாகத் தீர்ப்பு சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஆலைகள் ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்தக் கொள்கையை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

கொள்கை சரி, நடைமுறையில் ஒரு நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்டால், ஒரு வழக்கைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பெரு நாட்டில் ஆண்டிஸ் மலையில் உவாரஸ் என்ற ஊர். அதற்கு மேலே, 4,500 மீட்டருக்கும் உயரத்தில், பனிப்பாறை உருகிச் சேர்ந்த பால்காகோச்சா ஏரி. 1941-ல் அது உடைத்துக்கொண்டு வந்து ஊரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. பனிப்பாறை பின்வாங்கப் பின்வாங்க ஏரி மறுபடி பெருத்து, 1970-களில் இருந்ததைவிடப் பல மடங்காகிவிட்டது. குழாய் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டு மட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊர் விவசாயியும் மலை வழிகாட்டியுமான சவுல் லூசியானோ யூயா 2015-ல் ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனத்தின் மேல் அந்த நாட்டிலேயே வழக்குப் போட்டார். உலகத்தின் மொத்தத் தொழிற்புகையில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம் என்று ஒரு கணக்கு இருந்தது, ஆகவே வெள்ளத் தடுப்புச் செலவில் 0.47 சதவீதத்தைக் கொடு என்றார். சுமார் 17,000 யூரோ, அவ்வளவுதான். அந்த நிறுவனத்துக்கு அது ஒரு தொகையே இல்லை, ஆனாலும் பத்து வருடம் எதிர்த்து வாதாடினார்கள், ஏன் என்று உங்களுக்கே புரியும். எசன் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, ஹாம் மேல் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. 2022-ல் ஜெர்மன் நீதிபதிகளும் நிபுணர்களும் பெருவுக்கே போய் அந்த ஏரியையும் அவர் வீட்டையும் பார்த்தார்கள். 2025 மே 28-ல் தீர்ப்பு. வழக்கு தோற்றது, ஏனென்றால் அடுத்த முப்பது வருடத்தில் ஏரி உடைத்து வெள்ளம் அவர் வீட்டை எட்டும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான் என்று நிபுணர் சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில், பெரிய அளவில் புகைவிடும் நிறுவனம் உலகத்தின் மறுகோடியில் இருப்பவருக்கு ஏற்படும் ஆபத்துக்கு ஜெர்மன் சிவில் சட்டப்படி கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். தூரமும், கூட்டத்தில் நானும் ஒருவன்தானே என்ற சமாதானமும் செல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை தோற்ற அந்த வழக்கு, ஜெயித்த பல வழக்குகளைவிட முக்கியமானது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை. இனி வருவது அப்படி இல்லை. காடழிப்பையும் நிலப் பயன்பாட்டையும் சேர்த்தால் வரிசை மாறும், பிரேசிலும் இந்தோனேசியாவும் மேலே வந்துவிடும், அந்தப் பழைய காடழிப்பு எண்களில் பிழை வரம்பு மிகப் பெரியது. சீனாவில் செய்து அமெரிக்காவில் விற்கும் பொருளின் புகை யார் கணக்கு என்பதற்கு ஒரே பதில் இல்லை. செய்தவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம், இரண்டு பேரும் பங்கிட வேண்டும் என்பது என் கருத்து, எந்த விகிதத்தில் என்று என்னால் நிரூபிக்க முடியாது. காலனிக் காலத்தில் வங்காளத்து ராணிகஞ்சில் வெட்டிய நிலக்கரியை இந்தியா கணக்கில் எழுதுவதா, ஆண்ட பிரிட்டன் கணக்கில் எழுதுவதா என்பதும் அப்படித்தான் (பிரிட்டன் கணக்கில் என்பேன், அன்று முடிவெடுக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை). ஒரு குறிப்பிட்ட புயலின் சேதத்தில் ஒரு குறிப்பிட்ட நாட்டின் பங்கு இத்தனை ரூபாய் என்று சொல்லும் ஆய்வுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் அவற்றின் ரூபாய்க் கணக்கை அப்படியே பில்லாகப் போட முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகையோடு சேர்ந்து வந்த தடுப்பூசி, உரம், மின்சாரம், கணினி எல்லாம் உலகத்துக்கே பயன்பட்டதே, அதைக் கழிக்க வேண்டாமா என்பார்கள். ஓரளவு கழிக்கலாம். ஆனால் அந்தப் பொருட்களில் பெரும்பாலானவற்றை நாம் விலை கொடுத்து, காப்புரிமைக் கட்டணமும் கொடுத்துத்தான் வாங்கினோம். பயனுக்கு ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டவர், சேதக் கணக்கு பார்க்கும்போது அதே பயனைத் தன் தர்மக் கணக்கில் காட்ட முடியாது. இன்னொரு தத்துவ வாதமும் உண்டு: தொழிற்புரட்சி நடக்காமல் இருந்திருந்தால் இன்று இருக்கும் இதே மனிதர்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள், ஆகவே அவர்களுக்கு நஷ்டம் என்று எப்படிச் சொல்வது என்று. தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1980-களில் இந்தச் சிக்கலை முழுமையாக விவரித்தார், இன்றுவரை யாரும் எல்லோருக்கும் திருப்தியாக அதை அவிழ்க்கவில்லை. நான் அதைச் சுற்றிப் போகிறேன்: பழைய நஷ்டத்துக்கு ஈடு என்று கேட்காமல், இனிப் புகைவிடக் காற்றில் மீதமிருக்கும் இடத்தை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால் அந்தச் சிக்கல் குறுக்கே வருவதில்லை.

மீதி இடம் என்றால் இதுதான். பூமியின் சூடு தொழிற்புரட்சிக்கு முன்பைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடாமல் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 2020 தொடக்கத்திலிருந்து உலகம் வெளியிடலாம் என்று ஐபிசிசி சொன்னது 50,000 கோடி டன், நாம் எல்லோரும் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 கோடி டன் விட்டுக்கொண்டிருக்கிறோம். பெரும்பகுதியைச் சிலர் முன்பே தீர்த்துவிட்டார்கள், தெரிந்தோ தெரியாமலோ. தெரியாமல் தீர்த்திருந்தால் பழி இல்லை, சரி, ஆனால் தீர்த்தது தீர்த்ததுதான், மீதியிலும் சமபங்கு வேண்டும் என்று கேட்பதில் நியாயம் கிடையாது. 1991-லேயே டெல்லியில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், உயிர்வாழ விடும் புகையும் சொகுசுக்கு விடும் புகையும் ஒன்றில்லை என்று எழுதினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாதத்தை யாரும் சரியாக மறுத்து நான் பார்க்கவில்லை.

அந்த வாதம் நாட்டு எல்லையோடு நிற்காது. ஓர் இந்தியரின் சராசரி வருடப் புகை சுமார் 2 டன், சீனருடையது 8 டன்னுக்கு மேல், அமெரிக்கருடையது சுமார் 14. சீனா இனி 'வளரும் நாடு' என்ற வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது, நிலப் பயன்பாட்டையும் சேர்த்தால் மொத்தக் கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தையே அது தாண்டிவிட்டதாக 2024-ல் ஒரு கணக்கு வந்தது. இந்தியாவின் 2 டன்னிலும், நாலு ஏசியும் இரண்டு காரும் வருடத்துக்கு இரண்டு வெளிநாட்டுப் பயணமும் உள்ள சென்னைக் குடும்பமும், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் குடும்பமும் ஒரே சராசரிக்குள் வந்துவிடுகின்றன. ஏழையின் குறைந்த புகையைக் காட்டிப் பணக்காரர் தன் பங்கைத் தள்ளிப்போடுவது சர்வதேச அரங்கில் தப்பு என்றால் நம் வீட்டுக்குள்ளும் தப்புதான்.

அரசியல் பேரமா என்றும் கேட்டீர்கள். பேரமும் நடக்கிறது. 1997-ல் கியோட்டோ காலநிலை மாநாட்டுக்கு முன்னால் பிரேசில், யார் எவ்வளவு சூடாக்கினார்களோ அந்த விகிதத்தில் குறைப்பைப் பங்கிடுவோம் என்றது, ஏற்கவில்லை. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பும் சேதமும் பற்றி ஒரு பிரிவு வைத்துவிட்டு, கூடவே நிறைவேற்றிய முடிவில் அது நஷ்டஈட்டுக்கோ சட்டப் பொறுப்புக்கோ அடிப்படை ஆகாது என்று எழுதிவைத்தார்கள். அது அந்தப் பிரிவை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்து இதைத் தாண்டிப் போகிறது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு நாடு ஐநா வரை எடுத்துப்போன கேள்வி அது. காலநிலை ஒப்பந்தங்களோடு கடமை முடிந்தது என்ற பணக்கார நாடுகளின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை, பிறருக்குக் கணிசமான தீங்கு வராமல் தடுப்பது பொதுச் சர்வதேசச் சட்டத்திலும் கடமை, மீறினால் ஈடு செய்ய வேண்டிவரலாம் என்றார்கள். அது கட்டாயத் தீர்ப்பு இல்லை, ஆலோசனைக் கருத்து; எந்த வருடத்திலிருந்து, யார், எவ்வளவு என்பதெல்லாம் வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டியது என்று விட்டுவிட்டார்கள்.

பணம் என்று வரும்போது 2022-ல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் ஒத்துக்கொண்ட இழப்பு-சேத நிதிக்கு அடுத்த வருடம் துபாயில் வந்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர். 2024-ல் பாகுவில், 2035-க்குள் வருடத்துக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவோம் என்று பொதுவான காலநிலை நிதிக்கு ஓர் இலக்கு வைத்தார்கள். தொகை போதுமா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது எந்த வடிவத்தில் வருகிறது என்பது. இதுவரை கொடுத்த அரசுப் பணத்தில் பெரும்பகுதி கடன். தான் ஏற்படுத்திய சேதத்தைச் சமாளிக்க மொசாம்பிக்குக்கோ பங்களாதேஷுக்கோ வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதையே பொறுப்பேற்றதாகக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். மானியமாக வந்தது எவ்வளவு என்று மட்டும் வருடா வருடம் தனியாக எடுத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அந்த நாடுகள் சொல்லும் உண்மையான பதில் அந்த எண்தான்.